கணக்கெடுப்பிலிருந்து சரியான முடிவுக்கு: பள்ளிச் செயல்திட்டம் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாடநூலில் தரவு தயாராக அச்சிட்டிருக்கும். 40 மாணவர்களின் மதிப்பெண், 50 குடும்பங்களின் மாதச் செலவு என்று ஓர் அட்டவணை. கூட்டுச் சராசரி காண்க, இடைநிலை அளவு காண்க, முகடு காண்க. விடை வந்ததும் அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். அந்த 40 பேர் யார், அவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள், அந்த விடையை வைத்துக்கொண்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று யாரும் கேட்பதில்லை. கண்காட்சிக்கோ குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கோ சொந்தமாக ஒரு கணக்கெடுப்பு நடத்தும்போதுதான் இந்தக் கேள்விகள் எல்லாம் மொத்தமாக வந்து நிற்கும், அதுவும் நடுவரின் வாயிலிருந்து.

வழிகாட்டி ஆசிரியராக மாணவர்களுடன் அலைந்து பார்த்ததில், சராசரியைத் தப்பாகப் போட்டு மதிப்பெண் இழந்தவர்களை அபூர்வமாகத்தான் கண்டேன். கடைசிப் பக்கத்தில் "இதிலிருந்து நாம் அறிவது" என்று தொடங்கும் நாலு வரியில்தான் எல்லாம் கவிழ்கிறது. அந்த நாலு வரியைக் கடைசி நாளில் காப்பாற்ற முடியாது. முதல் நாளிலிருந்தே அதற்கான வேலை நடந்திருக்க வேண்டும். செய்ய வேண்டியதை வரிசையாகத் தருகிறேன்.

விளக்கத்துக்கு ஒரே ஒரு கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை 600 மாணவர்கள் படிக்கும் ஒரு பள்ளி. கேள்வி: எத்தனை பேர் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள்? கீழே வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டுக்கொண்டவை. உங்கள் அறிக்கையில் எடுத்து ஒட்டிவிடாதீர்கள்.

1. முடிவு வாக்கியத்தை முதலில் எழுதுங்கள்

எண்களுக்கு மட்டும் இடம் விட்டு, முடிவை இன்றே எழுதிப் பாருங்கள்: "எங்கள் பள்ளியில் ____ அன்று காலை, 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளில் படிக்கும் மாணவர்களில் ஏறத்தாழ ____ சதவீதம் பேர் சாப்பிடாமல் வந்தார்கள்."

எழுதிய மறு நிமிடமே ஓட்டைகள் தெரியும். சாப்பிடாமல் என்றால் என்ன? ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பாட்டில் சேர்த்தியா? ஒரு நாள் நிலவரமா, வழக்கமா? எங்கள் பள்ளி மட்டுமா, ஊரில் உள்ள எல்லாப் பள்ளிகளுமா? இந்தக் கேள்விகளுக்குப் படிவம் அச்சிடும் முன் விடை வேண்டும். அச்சிட்ட பிறகு தோன்றினால் பயனில்லை.

"தமிழக மாணவர்களிடையே காலை உணவுப் பழக்கம்" என்று தலைப்பு வைக்கும் ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு பள்ளியில் கேட்டால் அந்த ஒரு பள்ளியைப் பற்றித்தான் பேச முடியும். தலைப்பு பெரிதாக இருந்தால் நடுவருக்கு முதல் கேள்வியை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

2. கேள்வியைச் செதுக்குங்கள்

நேரத்தை இங்கே தாராளமாகச் செலவழியுங்கள். தப்பான கேள்விக்கு வந்த பதிலை எந்தச் சூத்திரமும் சரிசெய்யாது.

"காலை உணவு மூளைக்கு மிகவும் நல்லது. நீங்கள் தினமும் காலை உணவு உண்கிறீர்களா?" என்று மாணவர்கள் எழுதிக் கொண்டுவருவார்கள். முதல் வாக்கியமே எந்தப் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டது. "தினமும்" என்ற சொல் இன்னொரு தொல்லை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் தவறவிடுபவன் ஆம் என்பானா, இல்லை என்பானா? அவனுக்கே தெரியாது.

மாற்றாக இப்படிக் கேட்கலாம்: "இன்று காலை வணக்கக் கூட்டத்துக்கு முன் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்? பொருந்தும் ஒன்றுக்கு மட்டும் டிக் இடவும்." கீழே நான்கு விருப்பங்கள்: இட்லி, தோசை, பொங்கல், சோறு போன்ற உணவு; பன், பிஸ்கட், ரொட்டி மட்டும்; டீ, காபி, பால் மட்டும்; எதுவும் இல்லை.

இதில் ஆளை நல்லவர் கெட்டவர் என்று பிரிக்கும் தொனி இல்லை. "இன்று" என்பதால் நினைவு தடுமாறாது. "கூட்டத்துக்கு முன்" என்று போட்டதற்கும் காரணம் உண்டு. தொலைவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வரும் பிள்ளைகள் பலர் இரண்டு டிபன் பாக்ஸ் கொண்டுவருவார்கள்; ஒன்றை வகுப்பறையில் உட்கார்ந்து எட்டரை மணிக்கே காலி செய்துவிடுவார்கள். "வீட்டில் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டிருந்தால் இவர்கள் எல்லோரும் பட்டினிக் கணக்கில் போயிருப்பார்கள். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து யோசித்தால் இது தோன்றாது. படிவத்தை ஐந்தாறு பேரிடம் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தால், "சார், நான் இங்கே வந்துதான் சாப்பிடுவேன், எதில் டிக் போட?" என்று ஒருவராவது கேட்டுவிடுவார்கள். அந்த முன்னோட்டத்தைத் தவிர்க்காதீர்கள். முன்னோட்டத்தில் கேட்டவர்களின் பதில்களை இறுதிக் கணக்கில் சேர்க்கவும் கூடாது.

கூடுதலாக மூன்று கேள்விகள் போதும்: வகுப்பு, பள்ளிக்கு வரும் வழி (நடை, சைக்கிள், பஸ், மற்றவை), வந்து சேர ஆகும் நேரம் நிமிடத்தில். பெயர் கேட்காதீர்கள். தந்தையின் வருமானம், சாதி, வீட்டுச் சண்டை இவற்றின் பக்கமே போகாதீர்கள். தேவை இல்லாத கேள்வி ஒவ்வொன்றும் பொய்ப் பதில் ஒன்றை அழைத்து வரும்.

3. ஆவணம், செலவு, நாள்

தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் முதலில். எதைப் பற்றி, எந்த வகுப்புகளில், எந்த நாளில், எத்தனை நிமிடம், பெயர் பதிவாகாது என்ற உறுதி: இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். வினாப்பட்டியலின் நகலை இணைத்தே கொடுங்கள். வாய்மொழியாகச் சரி என்பார்கள். நடுவர் கேட்கும்போது வாய்மொழியைக் காட்ட முடியாது. கையொப்பமும் தேதியும் வாங்கிவிடுங்கள். உடல்நலம், குடும்பம் பற்றிய கேள்வி ஏதாவது இருந்தால் பெற்றோருக்கும் ஒரு சிறு ஒப்புதல் சீட்டு அனுப்ப வேண்டும். அது திரும்பி வரக் குறைந்தது மூன்று நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு பெரிதில்லை. கேள்விகள் நான்குதான் என்றால் ஏ4 தாளில் பாதி போதும்; ஒரு தாளில் இரண்டு படிவம் வரும்படி அமைத்து நடுவில் வெட்டிக்கொள்ளலாம். ஜெராக்ஸ் பக்கத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு ரூபாய் என்றால் 70 படிவத்துக்கு 35 தாள், அதாவது 35 முதல் 70 ரூபாய். 60 பேரைக் கேட்பதற்கு ஏன் 70? முன்னோட்டத்துக்கும் கசங்கிப் போவதற்கும். சார்ட் தாளுக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் ஆகும் செலவைவிட இது குறைவு. ஆனால் மாணவர்கள் முதலில் வாங்க ஓடுவது ஸ்கெட்ச் பேனாவைத்தான்.

கூகுள் படிவத்தில் வாங்கினால் பைசா செலவில்லையே என்று கேட்பார்கள். கைப்பேசியும் இணையமும் கையில் உள்ளவர்கள் மட்டும் பதில் சொல்லும் கணக்கெடுப்பாக அது மாறிவிடும். அப்பாவின் கைப்பேசி இரவில்தான் கிடைக்கும் என்ற பிள்ளை விட்டுப்போகும். மிச்சம் பிடிக்கும் எழுபது ரூபாய்க்கு இது பெரிய விலை.

மொத்தம் மூன்று வாரம் ஒதுக்குங்கள். கேள்வி, முன்னோட்டம், அனுமதி ஆகியவற்றுக்கு ஒரு வாரம். படிவம் நிரப்ப ஒரே காலை, வராதவர்களைப் பிடிக்க அடுத்த இரண்டு நாள். எண்ணவும் அட்டவணை போடவும் மீதி வாரம். எழுத ஒரு வாரம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். தேர்வன்று காலை பயத்தில் சாப்பாடு இறங்காது. பெரிய விரத நாள், நோன்புக் காலம், திருவிழாவுக்கு மறுநாள் ஆகியவையும் வழக்கமான நாள் அல்ல. தவிர்க்க முடியாவிட்டால் அந்த நாளை அறிக்கையில் குறிப்பிட்டுவிடுங்கள்.

4. யாரைக் கேட்பது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள்

இந்த வேலையைச் சீட்டுக் குலுக்கலிடம் விட்டுவிடுங்கள். தோழர்களைக் கேட்பதும், வராண்டாவில் எதிர்ப்பட்டவர்களைக் கேட்பதும், "எங்கள் வகுப்பில் எல்லோரையும் கேட்டோம்" என்பதும் ஒரே வகைத் தவறு. சிற்றுண்டிக் கடை வாசலில் நின்று காலை உணவைப் பற்றிக் கேட்டால், பசியோடு வந்தவர்கள்தான் அதிகம் சிக்குவார்கள்.

யாரைப் பற்றிப் பேசப் போகிறோமோ அவர்கள் அனைவரும் முழுமைத்தொகுதி. இங்கே 600 பேர். அவர்களில் நாம் கேட்கும் 60 பேர் கூறு. 600 பேரில் ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. வகுப்பு வருகைப் பதிவேடுகளை வரிசையாக வைத்து 1 முதல் 600 வரை எண் கொடுங்கள். 1 முதல் 10 வரை எழுதிய சீட்டுகளில் ஒன்றைக் குலுக்கி எடுங்கள். 7 வந்தால் 7, 17, 27 என்று பத்துக்கு ஒருவராக எடுத்துக்கொண்டே போகலாம். "17-ஆம் எண் அதிகம் பேசமாட்டான், 18-ஐக் கேட்போமே" என்ற பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, எல்லா அரிசியும் ஒரே பானையில் வெந்தால்தான் பொருந்தும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அம்மா ஊட்டிவிட்டு அனுப்பலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஆறு மணி டியூஷனுக்கு ஓடியிருப்பான். அதனால் வகுப்புகளை அடுக்குகளாகப் பிரித்து, அந்தந்த அடுக்கின் அளவுக்கு ஏற்ப எடுப்பது இன்னும் நல்லது. 6 முதல் 8 வரை 240 பேர், 9, 10-ஆம் வகுப்புகளில் 210, 11, 12-ஆம் வகுப்புகளில் 150 என்றால், 60 பேரை 24, 21, 15 என்று பிரித்து எடுக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் அதே குலுக்கல்தான்.

எண்ணிக்கை அதிகமானால் இந்தச் சிரமம் எல்லாம் வேண்டாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு செய்தி. 1936-இல் அமெரிக்காவில் ஒரு வார இதழ் 20 லட்சத்துக்கும் அதிகமான பதில் சீட்டுகளைச் சேர்த்து, அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று எழுதியது. அவர் 48 மாநிலங்களில் 46-இல் வென்றார். இதழ் பெயர்களை எடுத்தது தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவுப் பட்டியலிலும் இருந்து. அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் காரும் தொலைபேசியும் யாரிடம் இருந்திருக்கும்?

5. படிவம் நிரப்பும் காலை

வகுப்பில் நிற்க வைத்து, "சாப்பிடாதவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்டால் கிடைப்பது கூச்சத்தின் அளவு. தேர்வானவர்களைத் தனியே ஓர் அறைக்கு அழைத்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காதபடி உட்கார வைத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். வகுப்பாசிரியர் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தால் பாதிப் படிவத்தில் இட்லி வந்துவிடும். அவரை வெளியே நிற்கும்படி மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் ஒரே அறிவிப்பை, எழுதி வைத்ததை அப்படியே வாசியுங்கள். படிவங்கள் திரும்பியதும் மூலையில் 1, 2, 3 என்று வரிசை எண் போடுங்கள். எண்ணும்போது சந்தேகம் வந்தால் குறிப்பிட்ட தாளைத் திரும்பிப் பார்க்க அது உதவும்; யாருடையது என்று காட்டிக்கொடுக்காது.

6. வராத படிவங்களைக் கணக்கில் கொள்ளுங்கள்

60 பேரில் 48 பேரின் படிவங்கள் வந்தன, 12 வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். வந்த 48-இல் 12 பேர் எதுவும் சாப்பிடவில்லை என்கிறார்கள். 48-இல் 12, அதாவது 25 சதவீதம். எல்லோரும் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள்.

வராத 12 பேர் யார்? சிலர் அன்று விடுப்பு. சிலர் தாமதமாக வந்தவர்கள். தாமதமாக வந்தவர்கள்தான் சாப்பிடாமல் ஓடி வந்திருக்க வாய்ப்பு அதிகம்! அவர்கள் பன்னிரண்டு பேருமே சாப்பிட்டவர்கள் என்றால் 60-இல் 12, அதாவது 20 சதவீதம். பன்னிரண்டு பேருமே சாப்பிடாதவர்கள் என்றால் 60-இல் 24, அதாவது 40 சதவீதம். 25 என்று நாம் பெருமையாக எழுதிய எண் இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

அதனால்தான் அடுத்த இரண்டு நாளை ஒதுக்கச் சொன்னேன். விடுபட்டவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் பள்ளிக்கு வந்த நாளின் காலையைப் பற்றிக் கேளுங்கள். அப்போதும் சிலர் மிஞ்சுவார்கள்; நம் கணக்கில் அந்த 12 பேருமே மிஞ்சிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்குப் பதிலாக வேறு ஆளை நுழைக்காதீர்கள். "60 பேரைத் தேர்ந்தெடுத்தோம், 48 பேர் பதில் அளித்தனர்" என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். இந்த வரியைப் பார்த்ததும் நடுவரின் குரல் மாறுவதைக் கவனித்திருக்கிறேன்.

7. எந்தச் சராசரி?

பயண நேரத்தைப் பாருங்கள். ஒன்பது பேரின் பதில் நிமிடத்தில்: 5, 10, 15, 15, 15, 20, 20, 25, 90. கூட்டினால் 215; கூட்டுச் சராசரி ஏறத்தாழ 24. "மாணவர்கள் பள்ளிக்கு வரச் சராசரியாக 24 நிமிடம் ஆகிறது" என்றால் கணக்கு சரி, சேதி தப்பு. ஒன்பதில் ஏழு பேர் அதைவிடக் குறைவான நேரத்தில் வந்துவிடுகிறார்கள். மலையடிவாரத்திலிருந்து வரும் ஒரே ஒருவரின் 90 நிமிடம் எல்லோரையும் இழுத்துவிட்டது. இடைநிலை அளவு (வரிசையில் நடுவில் உள்ளது) 15, முகடும் (அதிக முறை வருவது) 15. இப்படி ஒரு பக்கம் நீண்ட வால் இருக்கும் தரவுக்கு இடைநிலை அளவைச் சொல்லி, வீச்சையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 5 முதல் 90 நிமிடம் வரை.

அந்த 90-ஐ அடித்துவிடலாமா என்று கேட்பார்கள். 9 என்பதை 90 என்று எழுதிவிட்டாரா என்று படிவத்தில் சரிபாருங்கள். உண்மையிலேயே 90 என்றால் அது இருக்க வேண்டும். உங்கள் கணக்கெடுப்பில் மிக முக்கியமான ஆளே அவராக இருக்கலாம்.

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. மாறுபாட்டுக் கெழு (திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பது) குறைவாக உள்ள தொகுப்பு அதிக நிலைத்தன்மை உடையது. அதைச் சிறந்தது என்று எழுதிவிடாதீர்கள். ஒரு பிரிவின் சராசரி மதிப்பெண் 60, திட்ட விலக்கம் 6 என்றால் கெழு 10 சதவீதம். இன்னொரு பிரிவின் சராசரி 45, திட்ட விலக்கம் 3.6 என்றால் கெழு 8 சதவீதம். இரண்டாவது பிரிவு சீரானது. சீராகக் குறைவான மதிப்பெண் வாங்குகிறது!

8. முன்னே பின்னே எவ்வளவு?

வேறு 60 பேர் குலுக்கலில் வந்திருந்தால் 25 சதவீதம் வந்திருக்குமா? 21 வந்திருக்கலாம், 30 வந்திருக்கலாம். பள்ளி அளவுக்கு ஒரு எளிய கணக்கு போதும்: பதில் சொன்னவர்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, 1-ஐ அதால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 48-க்கு ஏறத்தாழ 14 சதவீதம். 100 பேர் என்றால் 10. 400 பேர் என்றால் 5. ஆள் நான்கு மடங்கானால்தான் முன்னே பின்னே பாதியாகும் என்பதைக் கவனியுங்கள்.

ஆக, நம் விடை 25 சதவீதம், முன்னே பின்னே 14. அதாவது 11-லிருந்து 39-க்குள். "இவ்வளவு அகலமா?" என்று மாணவர்கள் முகம் வாடும். 48 பேர் சொன்னதன் கனம் அவ்வளவுதான். அதை மறைத்துக்கொண்டு 25.00 சதவீதம் என்று இரண்டு தசமம் போடுவது, இல்லாத நுட்பத்தை இருப்பதாகக் காட்டும் வேலை. முழு எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு குலுக்கலில் வந்த ஏற்ற இறக்கத்தை மட்டும்தான் அளக்கிறது. கேள்வி கோணலாக இருந்தாலும், ஆட்களை நீங்களே பொறுக்கி எடுத்திருந்தாலும், தாமதமாக வந்தவர்கள் விடுபட்டிருந்தாலும் அவற்றை இது பிடிக்காது. 2019-21 காலத்தில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு நாடு முழுவதும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. அத்தனை வீடுகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் அதன் அறிக்கையில் விளக்கி எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கே அது தேவைப்படுகிறது என்றால் நமக்குத் தேவைப்படாதா?

9. இரண்டு குழுக்களை ஒப்பிடும்போது

பதில் சொன்ன 48 பேரில் பஸ்ஸில் வருபவர்கள் 20, நடந்தோ சைக்கிளிலோ வருபவர்கள் 28. சாப்பிடாதவர்கள் முதல் குழுவில் 8, இரண்டாவதில் 4.

இங்கே வரும் முதல் பொறி, சதவீதத்தின் திசை. சாப்பிடாத 12 பேரில் 8 பேர் பஸ் பயணிகள். அது 67 சதவீதம். பஸ்ஸில் வரும் 20 பேரில் சாப்பிடாதவர்கள் 8. அது 40 சதவீதம். "பஸ்ஸில் வருபவர்களில் 67 சதவீதம் பேர் சாப்பிடுவதில்லை" என்று இரண்டையும் கலந்து எழுதியதை விளக்கப் பலகைகளிலேயே பார்த்திருக்கிறேன். தப்பிக்க ஒரே வழி, சதவீதம் எழுதும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் "எத்தனை பேரில்" என்று எழுதுவதுதான்.

சரியான ஒப்பீடு 40-க்கும் 14-க்கும் இடையில். ஏறத்தாழ மூன்று மடங்கு! துள்ளிக் குதிக்கும் முன் முன்னே பின்னே போட்டுப் பாருங்கள். 20 பேருக்கு 22 சதவீதம். ஆக 18 முதல் 62 வரை. 28 பேருக்கு 19 சதவீதம். ஆக பூஜ்யம் முதல் 33 வரை. இரண்டு எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. எனவே "பஸ்ஸில் வருபவர்களிடையே சாப்பிடாதவர்கள் அதிகம் இருக்கலாம் என்று தெரிகிறது, உறுதி செய்ய இன்னும் அதிகம் பேரைக் கேட்க வேண்டும்" என்பதுதான் உங்களுக்கு உரிய வாக்கியம். அதற்காக "வேறுபாடு இல்லை" என்று மறுபக்கம் சாய்ந்துவிடாதீர்கள். வேறுபாடு இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல இந்தத் தரவு போதவில்லை, அவ்வளவே.

குழுவைச் சின்னச் சின்னதாக உடைக்க உடைக்க நிலைமை மோசமாகும். எட்டாம் வகுப்பில் பதில் சொன்னது 5 பேர், அதில் 2 பேர் சாப்பிடவில்லை. "எட்டாம் வகுப்பில் 40 சதவீதம் பட்டினி" என்று எழுதினால், ஒரே ஒரு பையன் அன்று இட்லி சாப்பிட்டிருந்தால் பாதியாகிவிடும் எண்ணை வைத்து அபாய மணி அடிக்கிறீர்கள். பத்துக்குக் கீழ் உள்ள குழுக்களுக்குச் சதவீதமே போடாதீர்கள். "5 பேரில் 2 பேர்" என்று எழுதினால் போதும்.

10. "காரணமாக" என்ற சொல்லைத் தொடும் முன்

மாணவர்களின் அறிக்கைகளில் அதிகமாக அடிபடும் இடம் இதுதான். காலை உணவையும் பருவத்தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்துக் கேட்டு, சாப்பிடாதவர்களின் சராசரி மதிப்பெண் குறைவு என்று கண்டால், உடனே "காலை உணவு உண்ணாததால் மதிப்பெண் குறைகிறது" என்று எழுதிவிடுகிறார்கள்.

இரண்டும் சேர்ந்து போகின்றன, அதாவது ஒட்டுறவு இருக்கிறது. அதோடு தரவு வாயை மூடிக்கொள்ளும். தொலைவில் இருப்பவர் விடியலில் கிளம்புகிறார், சாப்பிட நேரமில்லை. மாலையில் வீடு சேர இருட்டிவிடுகிறது, படிக்க நேரமில்லை. தூரம் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டது. காலை உணவு கொடுத்தாலும் தூரம் அப்படியேதான் இருக்கும். ஒருவேளை உணவும் ஒரு காரணமாகவே இருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கெடுப்பால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

மாணவர்களுக்கு இது உடனே புரிய வேண்டும் என்றால், 6 முதல் 12 வரை எல்லோரின் உயரத்தையும் அளந்து, ஒரு நிமிடத்தில் எத்தனை பெருக்கல் செய்கிறார்கள் என்றும் எண்ணிப் பார்க்கச் சொல்வேன். உயரமானவர்கள் வேகமாகப் பெருக்குவார்கள். உயரம் கணிதத்தை வளர்க்கிறதா என்று கேட்டால் சிரித்துவிட்டு, வயது என்ற மூன்றாவது விஷயத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது விஷயத்தைச் சந்தேகித்தால் ஒன்று செய்யலாம்: ஒரே மாதிரி தூரத்திலிருந்து வருபவர்களை மட்டும் எடுத்து, அவர்களுக்குள் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு மறைந்தால் தூரம்தான் விளையாடியிருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. ஆனால் ஆள் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிடும். முந்தைய படியின் எச்சரிக்கை இங்கும் வந்து நிற்கும்.

11. வரைபடம்

சுருக்கமாக நான்கு. பட்டை விளக்கப்படத்தின் செங்குத்து அச்சைப் பூஜ்யத்தில் தொடங்குங்கள். 40-இல் தொடங்கினால், 42-ஐவிடச் சற்றே பெரிய 46-இன் பட்டை அதைப் போல மூன்று மடங்கு உயரமாகத் தெரியும். ஒருவர் பல விருப்பங்களில் டிக் போடக்கூடிய கேள்விக்கு வட்ட விளக்கப்படம் போடாதீர்கள். மொத்தம் நூறைத் தாண்டும். ஒவ்வொரு படத்தின் அடியிலும் "பதில் அளித்தோர் 48 பேர்" என்று எழுதுங்கள். முப்பரிமாணத்தில் சாய்த்து வரையும் அலங்காரம் எதற்கும் உதவாது.

12. இப்போது முதல் படியில் எழுதிய வாக்கியத்துக்குத் திரும்புங்கள்

மாணவர்கள் எழுதிக் கொண்டுவரும் வடிவம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "எங்கள் ஆய்வின் மூலம் கால்வாசி மாணவர்கள் காலை உணவு உண்பதில்லை என்பதும், பஸ் பயணமே இதற்குக் காரணம் என்பதும் நிரூபணமாகிறது. எனவே அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்."

எந்த மாணவர்கள்? எந்த நாள்? "உண்பதில்லை" என்பது வழக்கமா, ஒரு நாளா? காரணம் எங்கிருந்து வந்தது? நிரூபணம்? கடைசி வாக்கியம் எந்த எண்ணிலிருந்தும் பிறக்கவில்லை. மேடைப் பேச்சிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

தரவு தாங்கும் வடிவம்: "எங்கள் பள்ளியின் 600 மாணவர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 60 பேரில் 48 பேர் பதில் அளித்தனர். கேட்ட நாளில் அவர்களில் 12 பேர், அதாவது 25 சதவீதத்தினர் (முன்னே பின்னே 14) காலை வணக்கக் கூட்டத்துக்கு முன் எதுவும் சாப்பிடவில்லை. பஸ்ஸில் வரும் 20 பேரில் 8 பேரும், நடந்தும் சைக்கிளிலும் வரும் 28 பேரில் 4 பேரும் சாப்பிடவில்லை. இந்த வேறுபாட்டை உறுதி செய்யவோ காரணத்தைச் சொல்லவோ இத்தரவு போதாது. பதில் அளிக்காத 12 பேரின் நிலை தெரியவில்லை. தாமதமாக வருபவர்கள் அவர்களில் அதிகம் இருந்தால் உண்மையான அளவு கூடலாம்."

படிக்கக் கொஞ்சம் வறட்சியாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் ஒரு சொல்லைக்கூட நடுவர் உருவ முடியாது. பரிந்துரை எழுதியே ஆக வேண்டும் என்று விதி இருந்தால், உங்கள் எண்ணுக்குத் தகுந்ததை எழுதுங்கள்: பஸ்ஸில் வருபவர்கள் சாப்பிடக் காலையில் பத்து நிமிடமும் ஓர் இடமும் ஒதுக்கித் தரும்படி தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம், அடுத்த பருவத்தில் கூடுதல் பேரிடம் மீண்டும் கேட்டுப் பார்க்கலாம்.

13. நடுவர் மேசைக்கு எடுத்துப் போக வேண்டியவை

ஒரு கோப்பில்: கையொப்பமிட்ட அனுமதிக் கடிதம், வெற்றுப் படிவம் ஒன்று, குலுக்கல் எப்படி நடந்தது என்ற அரைப்பக்கக் குறிப்பு, வரிசை எண் இட்ட நிரப்பிய படிவங்கள், நேர்கோட்டுக் குறிகள் போட்டு எண்ணிய அசல் தாள். அடித்தல் திருத்தல் இருந்தாலும் அசலையே கொண்டுபோங்கள்; அழகாகப் படியெடுத்த தாள் சந்தேகத்தைத்தான் கிளப்பும். தேர்வானவர்களின் பெயர்ப் பட்டியலைப் பள்ளியிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்விகள் பெரும்பாலும் மூன்று திசையிலிருந்து வரும்: ஏன் இந்த 60 பேர், பதில் சொல்லாதவர்கள் எத்தனை பேர், இது எல்லாப் பள்ளிக்கும் பொருந்துமா. மூன்றாவதற்கு "பொருந்தும்" என்று சொல்லிவிடாதபடி பேசப் போகும் மாணவரைப் பழக்கிவிடுங்கள். "எங்கள் பள்ளிக்கு மட்டும்தான் சொல்ல முடியும், சார்" என்று தயங்காமல் சொல்ல வேண்டும்.

முடிவு அறிவிக்கும்வரை படிவங்களை வைத்திருங்கள். பிறகு கிழித்து அப்புறப்படுத்திவிடுங்கள், பழைய பேப்பர் கடைக்குப் போட வேண்டாம். யார் வீட்டில் காலையில் அடுப்பு எரியவில்லை என்ற தாளில் பஜ்ஜி மடித்து வரக் கூடாது.